ஜெபம்: கூட்டம் முடிந்தபின் வாசலில் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை மாலை வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும். பன்னிரண்டு வருஷமாக அதை நடத்தும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. நான் ஆயர் இல்லை, உபதேசியாரும் இல்லை. "ஏதாவது கேள்வி உண்டா?" என்று கூட்டத்தில் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். டீ குடித்து முடித்து வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வருவார். "அண்ணே, ஒன்று கேட்கணும். எனக்கு ஜெபிக்கவே வரவில்லை." இப்படி வாசலில் வந்த கேள்விகளையும், அங்கே அவசரமாகச் சொன்னதைவிடக் கொஞ்சம் நிதானமான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஐந்து நிமிஷத்தில் வார்த்தை தீர்ந்துவிடுகிறது. மற்றவர்களைப்போல எனக்கு ஜெபிக்கத் தெரியவில்லையே?

நாம் ஜெபிக்கக் கற்றதே மற்றவர்கள் ஜெபிப்பதைக் கேட்டுத்தான். "அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோக பிதாவே, இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம், கடந்த நாட்களெல்லாம் கண்மணிபோலக் காத்துவந்தீரே" என்று தொடங்கிவிட்டால் அடுத்த வரி தானாக வரும். அந்த வார்த்தைகளில் தப்பு ஒன்றும் இல்லை. நம் பாட்டிமார் கண்ணீரோடு சொன்னவை அவை. ஆனால் மனசு எங்கேயோ இருக்கும்போதும் அவற்றைச் சொல்ல முடிகிறது. ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துபோவது அந்த மனப்பாடம். உங்கள் ஜெபம் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

அதனால் வார்த்தை தீர்ந்ததும் எழுந்துவிடாதீர்கள். இன்றைக்கு உங்களை அழுத்துவது எது? பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸா, மாமியார் சொன்ன ஒரு வார்த்தையா, ஸ்கேன் ரிப்போர்ட்டா? அதை வீட்டில் பேசுகிற தமிழிலேயே சொல்லுங்கள். எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு அக்கா தள்ளுவண்டியில் பழம் விற்பவர். அவர் முதல்முறை வாய் திறந்து ஜெபித்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "ஆண்டவரே, நாளைக்குக் காலையில வட்டிக்காரர் வருவார். கையில எண்ணூறு ரூபாதான் இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. ஆமென்." அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான் ஆயத்தம் பண்ணிக்கொண்டு போயிருந்த நீண்ட ஜெபத்தை அன்று ஜெபிக்க எனக்கு மனசு வரவில்லை. இயேசு சொன்ன உவமையில் வரும் ஆயக்காரனும் (வரி வசூலிப்பவன்) ஒரு வரிதான் ஜெபித்தான்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" (லூக்கா 18:13). நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனது அவன்தான்.

தினமும் எவ்வளவு நேரம்?

தவறாமல் உங்களால் கொடுக்க முடிகிற நேரம். பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்டு உருகி, திங்கட்கிழமை இரண்டு மணி நேரம் முழங்காலில் இருந்து, வியாழக்கிழமைக்குள் விட்டுவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிஷத்தில் நிலைத்தவர்கள் சில மாசத்தில் தாங்களாகவே அரை மணிக்கு வந்துவிடுகிறார்கள். பேச விஷயம் சேர்ந்துவிடுகிறது.

அதிகாலையில்தான் ஜெபிக்க வேண்டுமா? நான் நைட் டியூட்டி பார்க்கிற நர்ஸ்.

இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. உண்மைதான். ஆனால் அதே மாற்கு ஆறாம் அதிகாரத்தில், ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பிவிட்டுச் சாயங்காலத்தில் மலைக்குப் போகிறார். லூக்கா 6:12-இல் இராமுழுவதும் ஜெபிக்கிறார். தானியேல் தினம் மூன்று வேளை. வேதத்தில் ஒரே கடிகாரம் கிடையாது. கூட்டத்தை விட்டு ஒதுங்கிப் போன நேரங்கள் என்பதுதான் இயேசுவின் ஜெபவேளைகளில் பொதுவாகத் தெரிகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் சகோதரி காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, தூங்கப் போகும் முன் பத்து நிமிஷம் வேதம் வாசித்து ஜெபிக்கிறார். உங்களுக்கு அது அதிகாலைக்குச் சமம். டியூட்டி நேரத்தில் அவர் இன்னொன்றும் செய்கிறார்: ஒவ்வொரு அறைக்குள் போகும்போதும் கதவின் கைப்பிடியைத் தொட்டு, உள்ளே படுத்திருப்பவரின் பெயரைச் சொல்லி "இரங்கும் ஆண்டவரே" என்பார், சத்தமில்லாமல். ஒரு இரவில் நாற்பது தடவையாவது கைப்பிடியைத் தொடுகிற வேலை அது.

எங்கள் வீடு ஒரே அறை. தனியாக ஜெபிக்க இடமே இல்லை.

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று இயேசு சொன்ன இடத்தில் (மத்தேயு 6:6) கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் சாமான்கள் வைக்கும் உள்ளறையையும் குறிக்கும். அவர் மனதில் இருந்தது அலங்காரமான ஜெப அறை இல்லை. தானியமும் எண்ணெயும் வைத்திருக்கும் மூலை அது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போதும். எங்கள் கூட்டத்தில் ஒரு ஆட்டோக்காரத் தம்பி, காலையில் ஸ்டாண்டுக்குப் போகும் முன் வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து ஜெபிக்கிறார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சுசன்னா, வீடு நிறையப் பிள்ளைகளோடு இருந்தவர், மேலங்கியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டால் அம்மா ஜெபிக்கிறார் என்று பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள் என்று சொல்வதுண்டு. நம் அம்மாக்கள் முந்தானையைத் தலையில் போட்டவுடன் நாம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டோமே, அதேதான். ஒரு விஷயம் முக்கியம்: இடம் எதுவானாலும் தினமும் அதே இடமாக இருக்கட்டும். உட்கார்ந்தவுடன் உடம்பே ஜெபத்துக்குத் திரும்பிவிடும்.

மனசு அலைபாய்கிறது. "பிதாவே" என்று தொடங்கி கேஸ் சிலிண்டர் புக் பண்ணினேனா என்பதில் போய் முடிகிறது.

இது எல்லாருக்கும் உண்டு. ஜெர்மனியில் விட்டன்பர்க் நகரில், திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தருக்கு முடிவெட்டிய பேத்தர் என்ற நாவிதர், எப்படி ஜெபிப்பது என்று அவரிடம் கேட்டார். 1535-இல் லூத்தர் அவருக்கு ஒரு நீண்ட பதில் எழுதினார். ஐரோப்பாவையே கலக்கிய மனிதர் ஒரு நாவிதருக்காக நேரம் எடுத்து எழுதினார் என்பதே எனக்கு மிகவும் பிடிக்கும். அதில் பேத்தரின் தொழிலையே உதாரணமாகச் சொல்கிறார்: நல்ல நாவிதன் கண்ணையும் எண்ணத்தையும் சவரக்கத்தியிலும் முடியிலும் வைத்திருப்பான், ஊர்க்கதை பேசிக்கொண்டே சிரைத்தால் வாடிக்கையாளரின் மூக்கு போய்விடும். தனக்கே ஜெபத்தில் மனம் குளிர்ந்துபோவதுண்டு என்றும், அப்போது சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கு ஓடுவதாகவும் ஒளிக்காமல் எழுதினார்.

நடைமுறையில் எனக்கு உதவியது மூன்று. ஒன்று, உதடு அசைய ஜெபிப்பது. மனசுக்குள் மட்டும் ஜெபித்தால் எண்ணங்கள் சீக்கிரம் கலந்துவிடும். இரண்டு, பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம். சிலிண்டர் ஞாபகம் வந்தால் "சிலிண்டர்" என்று எழுதிவிட்டுத் திரும்பி வாருங்கள். மூன்று, போனை அடுத்த அறையில் வைப்பது. போனில் பைபிள் வாசிக்கிறேன் என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, ஆனால் காகித பைபிளில் வாட்ஸ்அப் வராது. அப்புறம், திரும்பத் திரும்ப வருகிற எண்ணம் சில சமயம் தொந்தரவாக இருக்காது. அன்றைய ஜெப விஷயமே அதுவாக இருக்கும். மகளைப்பற்றிய கவலை ஐந்து தடவை குறுக்கே வந்தால், மகளுக்காக ஜெபியுங்கள்.

வேதத்தை வைத்து ஜெபிப்பது என்கிறார்களே, எப்படி?

என் அனுபவத்தில் ஜெபத்தை ஆழப்படுத்துவதில் இதற்கு இணையானது இல்லை. நாமாகப் பேசினால் நம் கவலைகளையே சுற்றி வருவோம். வேதம் முதலில் பேசட்டும், நாம் அதற்குப் பதில் சொல்லலாம். அந்தக் கடிதத்தில் லூத்தர் சொல்லிக்கொடுத்த வழி எளிமையானது. ஒரு வசனத்தை எடுத்து நான்கு கேள்வி கேளுங்கள்: இது எனக்கு என்ன கற்றுத்தருகிறது? எதற்காக நன்றி சொல்லலாம்? எதை அறிக்கையிட வேண்டும்? எதைக் கேட்கலாம்?

இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் ஒரு வரியை எடுப்போம். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்."

"இன்று" என்கிறார். அடுத்த வருஷத்துக்குச் சேர்த்துக் கேட்கச் சொல்லவில்லை. "எனக்கு" என்றும் இல்லை, "எங்களுக்கு" என்று இருக்கிறது. ஆண்டவரே, நான் ஐந்து வருஷத்துக் கவலையை இன்றே சுமக்கிறேன். இது கற்றது. அடுத்து, காலையில் சாப்பிட்ட இட்லிக்காக, மாவு ஆட்டிய மனைவிக்காக, முகம் தெரியாத அந்த உளுந்து விவசாயிக்காக ஸ்தோத்திரம். அப்புறம் அறிக்கை: நேற்று மீந்த குழம்பு ஊசிப்போன பிறகுதான் வேலைக்கு வருகிற அம்மாவுக்குக் கொடுக்கலாமா என்று யோசித்தேன், மன்னியும். கடைசியாக வேண்டுதல்: மாசக் கடைசி, மளிகைக்கடையில் பாக்கி இருக்கிறது, உதவிசெய்யும். எதிர்வீட்டுப் பையன் வேலை போய் இரண்டு மாசமாகிறது, அவர்கள் வீட்டு அடுப்பும் எரியட்டும்.

பார்த்தீர்களா, ஒரே வரி. இந்த வேகத்தில் போனால் பரமண்டல ஜெபத்தை முடிக்கவே ஒரு வாரம் ஆகும். ஆகட்டும். பாதியில் ஒரு எண்ணம் உங்களைப் பிடித்து நிறுத்தினால் மீதியை விட்டுவிட்டு அங்கேயே இருக்கச் சொல்கிறார் லூத்தர்; அப்போது ஆவியானவரே பிரசங்கிக்கிறார் என்பது அவர் கருத்து.

எழுதி வைத்த ஜெபத்தை வாசித்தால் அது ஜெபமாகுமா? ஆவியில் வர வேண்டாமா?

சிலுவையில் இயேசு ஜெபித்த வார்த்தைகளைப் பாருங்கள். "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது சங்கீதம் 22-இன் முதல் வரி. ஆவியை ஒப்புவித்த வார்த்தை சங்கீதம் 31-இல் இருக்கிறது. சாகும் வேளையில், நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொண்ட நேரத்தில், சிறுவயதிலிருந்து சொல்லிவந்த ஜெபங்கள்தான் அவர் வாயில் வந்தன. அது ஆவியில்லாத ஜெபம் என்று யார் சொல்ல முடியும்? ஆலய ஜெபப் புத்தகத்தை வாசிக்கும் சி.எஸ்.ஐ. சபையாரையும், செபமாலை சொல்லும் கத்தோலிக்கரையும் பார்த்து "வீண்வார்த்தை" என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். எழுதாமல் ஜெபிக்கிறவருடைய வார்த்தையும் வீணாகப் போகலாம். கெத்செமனேயில் இயேசுவே மூன்றாந்தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் (மத்தேயு 26:44).

சத்தமாக ஜெபித்தால்தான் வல்லமையா?

சீலோவில் இருந்த ஆலயத்தில், பிள்ளையில்லாத அன்னாள் பிள்ளை கேட்டு ஜெபித்தபோது உதடு மட்டும் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். ஆலயத்திலேயே வயதான அனுபவமுள்ள மனிதருக்குக்கூட ஒரு ஜெபத்தைப் பார்த்து அடையாளம் தெரியாமல் போனது. "நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்று அவள் பதில் சொன்னாள் (1 சாமுவேல் 1:15). ஒரு குடத்தைக் கவிழ்த்து ஊற்றினால் அடியில் இருக்கும் வண்டலும் சேர்ந்துதான் வரும். அன்னாளிடமிருந்து வந்தது அப்படிப்பட்ட ஜெபம். சக்களத்தி பெனின்னாளின் குத்தல், வருஷா வருஷம் பட்ட அவமானம் எல்லாம் அதில் இருந்தது.

எனக்கு அந்தக் கதையில் மிகவும் முக்கியமாகப் படுவது 18-ஆம் வசனம். அவள் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் துக்கமுகமாய் இருக்கவில்லை. இதற்குள் அவள் கர்ப்பமாகவில்லை. வீட்டுக்குக்கூடத் திரும்பவில்லை. சூழ்நிலையில் ஒன்றும் மாறாமலே அவளுக்குச் சோறு இறங்கியது. சத்தமாக ஜெபிக்க மனம் ஏவினால் சத்தமாக ஜெபியுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை இல்லாத நேரமாகப் பார்த்து.

தேவனிடம் கோபமாகப் பேசலாமா? பயமாக இருக்கிறது.

சங்கீதப் புத்தகம் அந்த அனுமதியைக் கொடுத்திருக்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்கிறான் (13:1). 88-ஆம் சங்கீதம் இன்னும் கடினமானது. பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் துதியில் முடியும், இது இருட்டிலேயே முடிகிறது. அதையும் யாரும் வெட்டி எறியாமல் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார்கள். கோபமாக இருந்தாலும் அவரிடமே பேசுகிறீர்கள் அல்லவா? பேச்சை நிறுத்திவிட்டு, ஆலயத்தில் மட்டும் புன்னகையோடு உட்கார்ந்திருப்பதுதான் எனக்குப் பயமாகப் படுகிறது.

வருஷக்கணக்காகக் கேட்டும் கிடைக்கவில்லை. என் விசுவாசம் குறைவா?

இந்தக் கேள்விக்கு நான் தள்ளி நின்று பதில் சொல்ல முடியாது. என் அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து மூன்று வருஷம் டயாலிசிஸ் நடந்தது. நாங்கள் உபவாசம் இருந்தோம், எண்ணெய் பூசி ஜெபித்தோம். ஒரு நாள் ஜெபிக்க வந்த ஒருவர், கட்டில் பக்கத்தில் நின்றே, "வீட்டில் யாருக்கோ அவிசுவாசம் இருக்கிறது, அதுதான் தடை" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள், தூங்கவில்லை. அவர் போனபின் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, எனக்குத்தான் விசுவாசம் பத்தலையோ?" என்று கேட்டார்கள். ஏற்கெனவே நோயைச் சுமந்துகொண்டிருந்தவரின் தலையில் இன்னொரு மூட்டையை வைத்துவிட்டார் அந்த மனிதர். தயவுசெய்து யாருடைய கட்டில் பக்கத்திலும் அப்படிப் பேசாதீர்கள்.

பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டினான். கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்." பவுலுக்கு விசுவாசம் குறைவா? பாடுகளின் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று இயேசு கேட்டார், நீங்கவில்லை. நம் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில், வலியோடுதான் இருந்தார். அவருக்காக ஜெபிக்க டோனாவூரில் ஆளில்லாமல் போகவில்லை. அந்தப் படுக்கையிலிருந்துதான் பல புத்தகங்களை எழுதினார்.

ஏன் சிலருக்குக் கிடைக்கிறது, சிலருக்குக் கிடைப்பதில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல விளக்குகிறவர்களை நான் நம்புவதில்லை. கேட்பதை நிறுத்தாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். அநீதியுள்ள நீதிபதியிடம் அலுக்காமல் போய் நின்ற விதவையை (லூக்கா 18) இயேசு நமக்கு முன்மாதிரியாக வைத்தார், தேவன் அந்த நீதிபதியைப் போன்றவர் இல்லை என்பதையும் அங்கேயே சொன்னார். விசுவாசம் பாதிதான் இருக்கிறது என்றால் அந்தப் பாதியோடு வாருங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனின் பிள்ளை சுகமானான் (மாற்கு 9:24).

என் அம்மா கடைசி மாசங்களில் சுகம் கேட்பதைக் குறைத்துக்கொண்டார்கள். டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம், வரிசையாக மற்ற நாற்காலிகளில் இருந்தவர்களுக்காக ஜெபிப்பார்கள். ஒவ்வொருவரின் பெயரும், ஊரும், எத்தனை பிள்ளைகள் என்பதும் தெரியும். அம்மா அடக்கத்துக்கு அந்த நாற்காலிக்காரர்களில் இரண்டு பேர் வந்திருந்தார்கள், ஒருவர் இஸ்லாமியர்.

இன்னொன்று: ஜெபித்துவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். டாக்டரும் தேவன் தந்தவர்தான்.

ஜெபத்துக்குத் தடையாக இருப்பது எது?

பேதுரு புருஷர்களுக்கு நேராகச் சொல்கிறார்: மனைவிக்குக் கனம் கொடுங்கள், உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு (1 பேதுரு 3:7). பிசாசு, கட்டு, சாபம் என்றெல்லாம் தேடும் முன் ஆண்கள் இந்த வசனத்தைப் பார்ப்பது நல்லது. காலையில் காபி ஆறிவிட்டது என்று கத்திவிட்டு அடுத்த நிமிஷம் முழங்கால் போட்டிருக்கிறேன். ஜெபம் கூரையைத் தாண்டவில்லை. எழுந்து அடுப்பங்கரைக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வந்தபின்தான் வாய் திறந்தது. பத்திரத் தகராறில் அண்ணனோடு பேசாமல் இருக்கிறீர்களா? காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்பது (மத்தேயு 5:24) உங்களுக்குத்தான்.

"ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுகிறேன்.

கேட்ட இடத்திலேயே ஜெபித்துவிடுங்கள். போனில் சொன்னால் போனிலேயே, அரை நிமிஷம் போதும். வாட்ஸ்அப்பில் கைகூப்பும் பொம்மையை அனுப்பும் முன், ஒரு வரி நிஜமாக ஜெபித்துவிட்டு அனுப்புங்கள்.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நாளுக்கு ஒரு பக்கம்: திங்கள் உறவினர், செவ்வாய் நோயாளிகள், புதன் வேலை இல்லாதவர்கள், இப்படி. எல்லாரையும் எல்லா நாளும் சுமக்க முடியாது. பெயரும் தேதியும் எழுதி, எதிரே கொஞ்சம் இடம் விடுங்கள். பதில் வந்தால் அங்கே எழுதலாம். என் பழைய நோட்டுகளைப் புரட்டினால் நான் கேட்டதே மறந்துபோன, ஆனால் கிடைத்துவிட்ட காரியங்கள் இருக்கின்றன. நன்றி சொல்லாமலே அடுத்த விண்ணப்பத்துக்குப் போயிருக்கிறேன்.

ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிறு ஊரில் 1727 ஆகஸ்டில் இருபத்துநான்கு ஆண்களும் இருபத்துநான்கு பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பங்கிட்டு ஜெபிக்கத் தொடங்கினார்கள். அது நூறு வருஷத்துக்கு மேல் நிற்காமல் நடந்தது. அவர்களுக்குத் தலைவராக இருந்த சின்சென்டார்ஃப், ஹாலே நகரில் படித்த சிறுவயதில், நம் தரங்கம்பாடியில் ஊழியம் செய்தவர்கள் அனுப்பிய செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம்தான், கவனியுங்கள். பாரத்தைப் பங்கிட்டுக்கொண்டதால்தான் அது நிலைத்தது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "ஜெபத்துக்காகச் சொல்கிறேன்" என்று தொடங்கி அடுத்த வீட்டுப் பெண்ணின் விவாகரத்து விவரம் முழுவதையும் சொல்வது புறங்கூறுதல். பெயர் மட்டும் போதும், தேவனுக்கு மீதி தெரியும்.

உபவாசம் கட்டாயமா? எனக்குச் சுகர் இருக்கிறது.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது. ஒரு வாரம் டிவியை நிறுத்தி அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுக்கலாம். ஏசாயா 58-ஐ வாசியுங்கள்: பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்பதே நான் விரும்பும் உபவாசம் என்கிறார் கர்த்தர். அன்று சாப்பிடாமல் விட்ட சாப்பாட்டுக் காசு யாருக்காவது போகட்டும்.

குடும்ப ஜெபத்துக்குப் பிள்ளைகள் வருவதில்லை.

எவ்வளவு நேரம் நடக்கிறது? ஒரு நீண்ட அதிகாரம், இரண்டு பாட்டு, அப்பா ஜெபம், அம்மா ஜெபம் என்று முக்கால் மணி நேரம் போனால் பன்னிரண்டு வயசுப் பையன் எப்படி வருவான்? பத்து நிமிஷத்துக்குக் குறையுங்கள். நான்கு வசனம், ஒரு கீர்த்தனை, ஒவ்வொருவரும் இன்று நடந்த ஒரு நல்லது, ஒரு கஷ்டம் சொல்லட்டும், அதற்காக இன்னொருவர் ஜெபிக்கட்டும். ஜெபத்துக்குள்ளே பிள்ளையைத் திட்டாதீர்கள். "ஆண்டவரே, இவன் போனைக் கீழே வைக்கும்படி கிருபை தாரும்" என்று ஜெபித்தால் அவன் கண்ணைத் திறந்து உங்களைப் பார்ப்பான். அப்பா தன் தப்பை அறிக்கையிடுவதைக் கேட்ட பிள்ளைகள் அதை மறப்பதில்லை.

கொஞ்ச நாளாக ஒரு உணர்வும் இல்லை. சுவரோடு பேசுவதுபோல இருக்கிறது.

முதலில், நன்றாகத் தூங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா? எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றான். தேவதூதன் வந்து அவனைக் கண்டிக்கவில்லை, வசனமும் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது. சாப்பிட்டான், மறுபடியும் தூங்கினான், தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அதற்குப் பிறகுதான் பயணம், மெல்லிய சத்தம் எல்லாம். பல வாரங்களாகத் தூக்கமும் பசியும் இல்லாமல், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் டாக்டரைப் பாருங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை.

உடம்பு நன்றாக இருந்தும் வறட்சி என்றால், உணர்வு வராவிட்டாலும் அதே இடத்தில் அதே நேரத்தில் போய் உட்காருங்கள். "வந்திருக்கிறேன் ஆண்டவரே, சொல்ல ஒன்றும் இல்லை" என்பதும் ஜெபம்தான். நமக்கு வேண்டிக்கொள்ளத் தெரியாதபோது ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. எனக்கு ஒருமுறை ஏழெட்டு மாசம் இப்படி இருந்தது. எது அதை முடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் காலை சங்கீதம் வாசிக்கும்போது, தெரிந்த ஒரு வரியில் தொண்டை அடைத்தது.

அப்பாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. "ஜெபம் மறந்துபோச்சு" என்று அழுகிறார். என்ன செய்ய?

போன மாசம் ஒரு மகள் வாசலில் நின்று கேட்டது இது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். பரமண்டல ஜெபத்தை அவருடைய வேகத்தில், மெதுவாகச் சொல்லுங்கள். அறுபது எழுபது வருஷம் சொல்லிவந்த வார்த்தைகள் அவ்வளவு சீக்கிரம் போகாது, எங்காவது ஒரு இடத்தில் அவர் சேர்ந்துகொள்வார். அவர் விட்ட இடத்திலிருந்து நீங்கள் சொல்லுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்து சொன்னார்: "எங்கள் கடனாளிகளுக்கு" என்ற இடத்தில் அப்பா சேர்ந்துகொண்டார், ஆமென் வரைக்கும் வந்தார், முடிந்தவுடன் "நீ யாரும்மா?" என்று கேட்டார்.